இரண்டு தாளில் ஒரு கிணறு

அத்தியாயம் 14

மேலகரத்து ஓட்டுக் கூரைகள் மூன்று நாட்களாகச் சாரலில் நனைந்துகொண்டிருந்தன. குழலி என்கிற குழல்வாய்மொழி இரண்டு படிவக் கட்டுகளையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்தபோது மணி ஆறே கால். மாலை நான்கு மணிக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

நிலப் பதிவேடுகளைப் புதுப்பிப்பதற்கென்று தென்காசியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இயங்கிய தனிப்பிரிவில் அவள் வரைவாளர். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி அனந்தநாராயணன், பூவன்குறிச்சி கிராமத்தைச் சோதனைக்கு எடுத்திருந்தார். அந்த ஊர் நில வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள். எப்படி எழுதி அனுப்புவது என்பதுதான் கேள்வி.

வழக்கமான முறையில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தனித் தாள். அந்த வயலின் மூலைகளைச் சுற்றி எழுதினால் போதும், பக்கத்து வயலைப் பார்க்க வேண்டியதில்லை. குழலி யோசித்த முறை வேறு. எல்லைக் கல்லுக்கெல்லாம் எண் கொடுத்து, இரண்டு கல்லுக்கு நடுவே ஓடும் வரப்பை ஒரே ஒரு தடவை எழுத வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் எந்த வயல், அந்தப் பக்கம் எந்த வயல் என்று குறிக்க வேண்டும். பிறகு அந்த வரப்பை யார் நகர்த்தினாலும் இரண்டு வயலும் சேர்ந்து மாறும். ஒருவருக்குக் கூடியது அடுத்தவருக்குக் குறைந்தது என்று அப்போதே தெரிந்துவிடும்.

"ரெண்டு விதமாவும் நூறு வயல் எழுதிப் பாருங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று அதிகாரி சொல்லியிருந்தார். எழுதிப் பார்த்தாள். பழைய சங்கிலி அளவை மீட்டருக்கு மாற்றியதில் அங்கங்கே விரற்கடை வித்தியாசம் வந்தது. அது எல்லா ஊரிலும் வருவதுதான்.

ஆனால் 214, 215 இரண்டும் எப்படிச் சேர்த்தாலும் சேரவில்லை.

214ஆம் தாளில் வயலுக்குள் ஒரு கிணறு இருந்தது. 215ஆம் தாளிலும் வயலுக்குள் அதே கிணறு இருந்தது. தரையில் இருந்ததோ ஒரு கிணறுதான்.

215, ஹாஜரா பீவி என்ற பெண்ணுடையது. 214, அக்கா அகிலாண்டத்தின் கணவன் பரமசிவனுடையது. 1974இல் புதிதாக வரைந்த அந்தத் தாளின் ஓரத்தில் ச.சு. என்று ஒரு சுருக்கொப்பம். அந்தச் சகரத்தின் வாலை அவள் சின்ன வயதிலிருந்து தன் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளில் பார்த்திருக்கிறாள். ஓய்வுபெற்ற சர்வேயர் சங்கரசுப்பிரமணியன். அவளுடைய அப்பா.

கண்டுபிடித்து ஒரு வாரமாகிவிட்டது. அப்பாவிடம் அவள் வாய் திறக்கவில்லை.

திறக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. முதல் பஸ்ஸில் அத்தானும் அக்காவும் வந்து இறங்கினார்கள்.

"கிளம்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பரமசிவன் குடையை மடக்கினான். சிரித்தான். அவன் சிரித்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். "உங்க ஆபீஸ் செயின்மேன் சொரிமுத்து எல்லாம் சொன்னான். ஏதோ புது முறையாம்லா. கோட்டை ஒரு தடவைதான் எழுதுவியாம்."

"ஆமா அத்தான்."

"ஊருக்கெல்லாம் எழுதிக்கோ. எனக்கு என்ன? ஆனா பழைய முறைதான் நல்லதுன்னு அந்த மெட்ராஸ்காரர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல பாரு. என் தாள் என்கிட்ட, அவ தாள் அவகிட்ட. இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுது."

"இத்தனை வருஷமா கிணறு ஒங்ககிட்டல்லா ஓடுது."

அவன் சிரிப்பு நின்றது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. "ஏட்டி, அத்தான்கிட்ட மரியாதையாப் பேசு" என்றார் அதற்குப் பின்னாலிருந்து.

"நீங்க பேசுங்கப்பா. 214ஐ ஏன் மாத்தி வரைஞ்சீங்க?"

"மெட்ரிக் மாத்துனதுல வந்த வித்தியாசம்."

"விரற்கடைன்னா சரி. மூணரை மீட்டர் எப்படிப்பா வரும்? அதுவும் சரியா ஒரு கிணத்தைச் சுத்தி வளைஞ்சு?"

பேப்பர் இறங்கியது. அப்பா குழலியைப் பார்க்கவில்லை, மூத்த மகளைப் பார்த்தார். அகிலாண்டம் அடுக்களை நிலைப்படியில் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அகிலா, நீ உள்ள போ."

"ஏன்? நான் கேக்கக் கூடாதாக்கும்?" என்றாள் அகிலாண்டம். "ஏதோ தாள்ல தப்பு விழுந்திருக்கு, தங்கச்சிகிட்டச் சொல்லிச் சரி பண்ணணும்னுதானே இவுக என்னைக் கூட்டியாந்தாக?"

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தா" என்றார் அப்பா கடைசியில். குரல் அலுவலகத்தில் பதில் எழுதுகிற மாதிரி இருந்தது. "உனக்கு ரெண்டு இடம் வந்து தட்டிப் போச்சு. மூணாவதா இவுக வந்தாக. நகை கேக்கல, பாத்திரம் கேக்கல. வயலை ஒரு தடவை அளந்து கொடுங்கன்னு மட்டும்தான் கேட்டாக."

அகிலாண்டம் துடைப்பதை நிறுத்தினாள். கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமே கேக்காத தங்கமான குடும்பம்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றாள். "ஊரெல்லாம் சொன்னா."

"அப்ப எங்க அப்பா இருந்தாரு, அவருதான் பேசினாரு" என்றான் பரமசிவன். "நான் எதுக்கு இப்ப..."

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் குடையை விரித்து, மறுபடியும் மடக்கினான்.

குழலி அக்காவின் கையைப் பிடித்தாள். அகிலாண்டம் மெல்ல உருவிக்கொண்டாள்.

"நீ என்ன செய்யப் போற?"

"இருக்கிறதை இருக்கிறபடி எழுதப் போறேன்க்கா."

"எழுது. எழுதிட்டு நீ ஒன் ஆபீசுக்குப் போயிருவ. நான் எங்க போக? பதினோரு வருஷமா அந்தக் கிணத்துத் தண்ணியில வெளஞ்ச சோத்தைத்தான் மூணு பிள்ளைகளுக்கும் போட்டிருக்கேன். அது களவுன்னு இன்னைக்குச் சொல்லுதீங்க. தின்னதை நான் எப்படித் திருப்பிக் கொடுக்க?"

குழலி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

*

பூவன்குறிச்சியில் மழை சற்று விட்டிருந்தது. சொரிமுத்து நாடாவை நீட்டிக்கொண்டு முன்னால் போனான். அத்தானிடம் பேச்சுக் கொடுத்த குற்றம் அவன் முகத்தில் தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வரப்பை அளந்து பயனில்லை, வரப்பு நகரக் கூடியது. ஓடைக்கரையில் மூன்று ஊர் எல்லையும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல், அதை யாரும் அசைத்ததில்லை. அங்கிருந்து தொடங்கி, கோவில் தோப்பு மூலையிலிருந்த இன்னொரு பழைய கல்லுக்குக் கோடு பிடித்து, நடுவில் கிணற்றுக்கு அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். 215ஆம் தாளில் இருந்த எண்ணும் நாடாவில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. 214ஆம் தாள்தான் பொய்.

பம்புசெட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பரமசிவனின் நெல்லுக்குப் பாய்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், ஹாஜரா பீவியின் வயலில், முழங்கால் உயரத்துக்கு எள் நின்றது. மழையை நம்பி விதைத்த எள்.

ஹாஜரா பீவி சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வரப்போரம் வந்தாள். அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு.

"என்னம்மா, மறுபடியும் அளக்குதீங்களா?"

"ஆமாம்மா. கெவருமெண்டு வேலை."

"நீ சர்வேயர் மகதானே? முகம் அப்படியே இருக்கு."

குழலி நாடாவைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினாள்.

"உங்க அப்பா அளந்த அன்னைக்கும் இதே மாதிரிதான் சாரல். தாள்ல தண்ணி பட்டா மை கலைஞ்சிரும்னாரு. நான்தான் அவரு அளந்து முடிக்கிற வரைக்கும் குடை பிடிச்சேன். காலையிலேந்து மத்தியானம் வரைக்கும். கை வலிச்சிருச்சு." அவள் சிரித்தாள். "என் கெணத்தை எழுதி எடுக்கத்தான் குடை பிடிக்கோம்னு தெரியாமப் போச்சு."

"கேஸ் போட்டீங்களாம்மா?"

"போட்டோம். அவுக 214 தாளைக் காட்டினாக. அதுல கெணறு இருந்துச்சு. என் தாளையும் பாருங்கன்னு சொன்னேன். இது அந்த வயலைப் பத்தின வழக்கு, உன் தாள் எதுக்குன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அதோட படுத்தவருதான். என் மகன் துல்கர்னைன் சவுதிக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சு. தண்ணி இருந்தா அவன் எதுக்கு அந்த வெயில்ல போயிக் கெடக்கான்?"

குழலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா" என்றாள் ஹாஜரா பீவி. "அளந்துட்டுப் போ. அளக்க வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுதாங்க."

*

அனந்தநாராயணன் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். சென்னை அதிகாரிகளுக்குத் தென்காசிப் பக்கம் ஆய்வு செய்யும் எண்ணம் எப்போதும் ஆடி மாதத்தில்தான் வரும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தருவியில் குளித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையில் எண்ணெய் மினுங்கியது. வராந்தாக் கொடியில் நான்கைந்து துண்டுகள் காயாமல் தொங்கின.

ஆனால் அவர் முட்டாள் இல்லை. அவள் விரித்த இரண்டு கட்டுகளையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். கல் எண்களின் பட்டியல், வரப்புகளின் பட்டியல், ஒவ்வொரு வரப்புக்கும் இரண்டு பக்கத்து வயல்கள். 214க்கும் 215க்கும் நடுவே சேராத வரப்பில் அவர் விரல் நின்றது.

"இந்த வரப்பை மாத்தினா?"

"ரெண்டு வயலோட பரப்பும் மாறும் சார். ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது."

"உட்பிரிவு வந்தா?"

"புதுக் கல்லு ரெண்டு, புதுக் கோடு ஒண்ணு. பழைய கோட்டைத் திரும்ப எழுத வேண்டாம். எழுதுறப்பதானே சார் தப்பு வருது. தப்பு வருது, இல்லாட்டி வர வைக்கிறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க முறைதான் சரிம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அவள் பழைய முறைக் கட்டை ஓரமாக ஒதுக்கினாள்.

"ஆனா தனித் தாளாத்தான் அனுப்பப் போறோம்."

"ஏன் சார்?"

"கோட்டை ஒரு தடவைதான் எழுதணும்னா, எது சரியான கோடுன்னு ஒருத்தன் முடிவு பண்ணணும் இல்லையா? நூறு வயல்ல உங்களுக்கு ஒண்ணு மாட்டிச்சு. மாவட்டம் முழுக்கப் போட்டா எத்தனை மாட்டும்? ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேரைக் கூப்பிடணும், அளக்கணும், ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. நான் மார்ச்சுக்குள்ள ஏத்தி முடிச்சுட்டோம்னு எழுதணும். தனித் தாள்னா பிரச்சினையே கிடையாது. ரெண்டும் அப்படியே ஏறும். கம்ப்யூட்டர் பக்கத்து வயலைக் கேட்காது."

"அப்ப ஒரே கிணறு ரெண்டு வயல்லயும் இருக்கும் சார்."

"இப்பவும் அப்படித்தானே இருக்கு?"

அத்தான் காலையில் சொன்ன அதே வார்த்தை. குற்றாலத்துக் குளிர்க்காற்றில் அவளுக்கு முகம் எரிந்தது.

பையிலிருந்து தனியாக ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மத்தியானம் பஸ்ஸிலேயே எழுதியது, எழுத்து ஆடியிருந்தது. 214ஆம் தாள் 1974இல் திருத்தப்பட்டிருக்கிறது, தரையில் எடுத்த அளவு 215உடன்தான் பொருந்துகிறது, திருத்தியவர் இன்னார் என்று அதில் இருந்தது.

அவர் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"சங்கரசுப்பிரமணியன்... உங்க இனிஷியலும் எஸ்தானே?"

"அப்பா சார்."

"இதை நான் வாங்கிக்கிட்டா அவர் பென்ஷன் நின்னுடும். தெரியுமா உங்களுக்கு? வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பார்க்கல."

அருவிப் பக்கமிருந்து கூட்டத்தின் கூச்சல் வந்தது. வராந்தாவில் யாரோ சோப்பு டப்பாவைக் கீழே போட்டார்கள். குழலிக்கு அப்பா கோணமானியைப் பிடித்துக் காட்டிய விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்த நினைவு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கிக்கிட்டேன்னு நகல்ல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள்.

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு போட்டார். போட்டபின் இரண்டாவது படிவக் கட்டை, அவளுடைய நான்கு மாத வேலையை, நூல் கட்டி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. அத்தானைக் காணவில்லை. அப்பா சட்டைகூட மாற்றாமல், வெளியில் போய்வந்த செருப்போடு நாற்காலியில் இருந்தார். வீட்டுக்குள் செருப்போடு அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"என் பேரைப் போட்டா?"

"போட்டுத்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"மத்தியானம் உங்க ஆபீசுக்குப் போனேன்" என்றார். "பதிவறையில எல்லாரும் எழுந்து நின்னாங்க. முப்பத்துநாலு வருஷம் வேலை பாத்தவன்லா. பூவன்குறிச்சிப் புஸ்தகத்தைப் பாக்கணும்னேன். காப்பி வாங்கியாரேன்னு அந்தப் பையன் வெளிய போனான்."

குழலி பையைக் கீழே வைத்தாள்.

"215ஆம் தாள் இப்ப புஸ்தகத்துல இல்ல. நீ நாடா பிடிச்சு அளந்தது உன் அளவு. மூலத் தாள் இல்லாம அதை எவன் மதிப்பான்? இனி இருக்கிறது 214 மட்டும்தான். நீ ஆசைப்பட்ட மாதிரியே கோடு ஒரு தடவைதான் எழுதியிருக்கு."

"அப்பா!"

"கத்தாத. என் பென்ஷனுக்காகச் செஞ்சேன்னு நெனைக்காத. அவ மூணு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இங்கன வந்து நின்னா உன்னால பாத்துக்க முடியுமா?"

"தாள் எங்க?"

"அகிலாகிட்டக் கொடுத்தேன். அடுப்புல போடச் சொன்னேன்."

அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பில் தாள் எரிந்த சாம்பல் சுருண்டு கிடந்தது. குச்சியால் கிளறினாள். அது எந்தத் தாளுடைய சாம்பல் என்று எப்படித் தெரியும்? அகிலாண்டம் பக்கத்தில் நின்று தன் துணிப்பைக்குள் பிள்ளைகளுக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எரிச்சுட்டியாக்கா?"

"அதான் சாம்பல் கெடக்கே."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அகிலாண்டம் பார்க்கவில்லை. பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். "போயிட்டு வாரேன்" என்று அவள் சொல்லவில்லை. அவரும் நிமிரவில்லை.

குழலி வாசல்வரை வந்து நின்றாள். மறுபடி சாரல் பிடித்திருந்தது. குளித்துத் திரும்பும் கூட்டம் பஸ் நிறுத்தத்தில் ஈரத் துணிகளோடு நெரித்துக்கொண்டு நின்றது. அதன் ஓரத்தில் அக்கா.

அச்சன்புதூர் பஸ் வந்தது. பூவன்குறிச்சிக்குப் போகிற கடைசிக்கு முந்தின பஸ். கண்டக்டர் கதவைத் தட்டி அழைத்தான். அகிலாண்டம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். பஸ் போயிற்று.

கால் மணி நேரம் கழித்துக் குற்றாலத்திலிருந்து திருநெல்வேலி பஸ் வந்தது. அகிலாண்டம் பையை மார்போடு அணைத்தபடி கூட்டத்தை இடித்துக்கொண்டு அதில் ஏறினாள்.

திருநெல்வேலியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. அங்கே இருந்தது மாவட்டக் கலெக்டர் ஆபீஸ்தான். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் தனியாகத் தென்காசியைத் தாண்டியதும் இல்லை.

"அகிலா பஸ் ஏறிட்டாளா?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"ஏறிட்டா" என்றாள் குழலி.